பழைய பொம்மையைப் புதுசாக்க வேண்டாம், சரிசெய்தால் போதும்

சின்ன வயதில் கட்டிப்பிடித்துத் தூங்கிய பொம்மையைச் சரிசெய்ய உட்காருகிறவர்கள் முதலில் ஊசியையும் சோப்பையும் எட்டத்தில் வைத்துவிட்டு, பொம்மையை மடியில் போட்டு நிதானமாகப் பார்க்கவேண்டும். எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். எங்கே தேய்ந்திருக்கிறது, ஏன் அந்த இடம் மட்டும் அப்படித் தேய்ந்தது என்று பார்க்கத்தான் நேரம் பிடிக்கும். என் பொம்மை சின்னுவைச் சரிசெய்து முடித்திருக்கிறேன். அதில் தைத்த நேரத்தைவிட, எதைத் தைக்கலாம் எதைத் தொடக்கூடாது என்று யோசித்த நேரம்தான் அதிகம், அந்த யோசனையைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

சின்னுவுக்குத் துணி உடம்பு. தலையும், முழங்கைக்குக் கீழே கைகளும், முழங்காலுக்குக் கீழே கால்களும் வினைல். படுக்கவைத்தால் கண்ணை மூடுவாள், தூக்கினால் திறப்பாள். வயிற்றுக்குள் ஒரு சின்ன டப்பா இருக்கிறது, கவிழ்த்து நிமிர்த்தினால் 'அம்மா' என்று கூப்பிடும். நான் தத்தித்தத்தி நடந்த காலத்திலிருந்து என்னோடு இருந்தவள், அப்புறம் பல வருடங்கள் பரணில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தாள். எடுத்துப் பார்த்தபோது கழுத்துத் தையல் பாதி விட்டிருந்தது. இடது இடுப்பில் துணி நைந்து உள்ளேயிருந்த பஞ்சு தெரிந்தது. ஒரு கண் பாதி மூடியபடி நின்றுவிட்டது. முகத்தைத் தொட்டால் பிசுபிசுப்பு, முடி முழுக்கச் சிக்கு, வலது கன்னத்தில் நீலப் பேனாவால் இழுத்த கோடு, குரல் வரவே இல்லை. மூக்கு நுனியில் பெயின்ட் போய் வெறும் வினைல் தெரிந்தது. இடது கால் கட்டைவிரலில் பல் பதிந்த தடம் இருந்தது.

இதில் எதெல்லாம் பழுது?

கழுத்துத் தையல் பழுதுதான், சந்தேகமே இல்லை, இன்னும் கொஞ்சம் விட்டால் தலை தனியாக வந்துவிடும். ஆனால் மூக்கு நுனி? தினமும் முத்தம் கொடுத்து முத்தம் கொடுத்துத்தான் அந்தப் பெயின்ட் போனது. இடது இடுப்பு நைந்ததற்கும் காரணம் இருக்கிறது, நான் அவளை எப்போதும் என் வலது கையில் இடுக்கிக்கொண்டுதான் திரிவேன், என் விரல்கள் பட்ட இடம் அது. கட்டைவிரலில் இருப்பது எனக்குப் பல் முளைத்த காலத்துத் தடம். இவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் சரிசெய்துவிட்டால் கையில் மிஞ்சுவது அழகான ஒரு பொம்மை, ஆனால் அது சின்னுவாக இருக்குமா என்று கேட்டால் எனக்கு இல்லை என்றுதான் தோன்றுகிறது.

இது பெரியவர்களுக்கு மட்டும் வருகிற ஏக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். டொனால்ட் வின்னிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளரும்கூட, 1950களின் தொடக்கத்தில் குழந்தைகள் விடாமல் பிடித்துக்கொள்ளும் போர்வை, பொம்மை போன்றவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். அதில் ஒரு விஷயம் என்னை உடனே பிடித்துக்கொண்டது. அந்தப் பொருள் அழுக்காகி நாற்றம் அடித்தாலும் தாய் அதை அப்படியே விட்டுவிடுகிறாள், ஏனென்றால் துவைத்துவிட்டால் குழந்தையின் அனுபவத்தில் ஒரு தொடர்ச்சி அறுந்துவிடும், அந்தப் பொருளுக்கு இருந்த மதிப்பே போய்விடக்கூடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்கிறார். 2008ல் புரூஸ் ஹூட், பால் புளூம் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வும் கிட்டத்தட்ட இதையே தொடுகிறது. எந்தப் பொருளையும் அச்சு அசலாக நகல் எடுத்துவிடும் இயந்திரம் என்று சொல்லி 3 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் ஒரு பெட்டியைக் காட்டினார்கள். சாதாரண விளையாட்டுச் சாமான் என்றால் நகலை எடுத்துக்கொள்ளக் குழந்தைகளுக்குத் தயக்கமில்லை. கூடவே வைத்துத் தூங்கும் பொம்மை என்றால் பெரும்பாலானவர்கள் அசலைத்தான் கேட்டார்கள், சில குழந்தைகள் அதைப் பெட்டிக்குள் வைக்கவே சம்மதிக்கவில்லை.

அதனால் எனக்கென்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். அவளைத் தூக்கவோ கொஞ்சவோ முடியாமல் செய்கிற எதையும் சரிசெய்வேன், அப்படியே விட்டால் மேலும் மேலும் கெட்டுப்போகிற எதையும் சரிசெய்வேன், மற்றதைத் தொடமாட்டேன். போடுகிற ஒவ்வொரு தையலும் பின்னால் யாராவது பிரிக்க நினைத்தால் பிரிக்கிற மாதிரி இருக்கவேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தது. அருங்காட்சியகங்களில் பழம்பொருட்களைப் பாதுகாப்பவர்கள் கடைப்பிடிக்கும் முறைதான் இது. வீட்டில் ஒரு பொம்மைக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

பொம்மை எதனால் ஆனது என்று தெரியாமல் எதையும் தடவாதீர்கள். வினைல் அழுத்தினால் லேசாக அமுங்கும், கடினப் பிளாஸ்டிக் அமுங்காது. மிகப் பழைய பொம்மை, ரொம்ப லேசாக இருக்கிறது, உடம்பைத் தட்டினால் மெல்லிய சத்தம் வருகிறது என்றால் அது செல்லுலாயிடாக இருக்கலாம். விரலால் கொஞ்ச நேரம் தேய்த்துச் சூடேற்றி முகர்ந்து பாருங்கள், கற்பூர வாசனை வந்தால் அதுதான், ஏனென்றால் நைட்ரோ செல்லுலோசையும் கற்பூரத்தையும் சேர்த்துத்தான் அதைச் செய்தார்கள். சட்டென்று தீப்பிடிக்கும் பொருள் அது, அடுப்புப் பக்கமோ ஹேர் டிரையர் பக்கமோ கொண்டுபோகவே கூடாது. பீங்கான் தலை என்றாலோ, மரத்தூளையும் பசையையும் குழைத்து வார்த்த தலை என்றாலோ தண்ணீர், பசை எல்லாவற்றுக்கும் வேறு கணக்கு. இரண்டாவது வகை தண்ணீர் பட்டால் ஊறி, மேல்பூச்சு பாளம்பாளமாக உரிந்துவிடும். அதை நன்றாகத் தெரிந்தவர்களிடம் கொடுப்பதே நல்லது.

சின்னுவை மேசையில் கிடத்தி எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, முதுகுத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு தையலாகச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டவேண்டும், வேகமாக இழுத்தால் பழைய துணி தையல் ஓட்டைகள் வழியாகவே கிழிந்துகொண்டு போகும். உள்ளே இருந்தது இலவம்பஞ்சு. நன்றாகத்தான் இருந்தது, சில இடங்களில் மட்டும் கட்டிகட்டியாக இறுகியிருந்தது. அதை ஒரு தலையணை உறைக்குள் போட்டு வைத்தேன், தூக்கி எறிய மனம் வரவில்லை, எறியத் தேவையும் இல்லை, விரலால் பிரித்துப் பிரித்து உதிர்த்தாலே பஞ்சு மறுபடி பொங்கும். உங்கள் பொம்மைக்குள் ஸ்பாஞ்சுத் துண்டுகள் இருந்தால் அதற்கு இரக்கம் காட்ட வழியில்லை. பாலியூரித்தேன் நுரை காற்றும் ஈரமும் பட்டு வருடக்கணக்கில் மக்கி மஞ்சள் பொடியாக உதிரும், அதை முழுக்க எடுத்துவிட்டுப் புதுப் பஞ்சுதான் வைக்கவேண்டும். அப்போதும் பழையதில் ஒரு துளியைச் சின்னத் துணியில் முடிந்து உள்ளே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது.

கழுத்தைப் பிரித்தபோதுதான் அம்மாவின் தையலைப் பார்த்தேன். சின்னுவின் உடம்பு வெளிர் ரோஜா நிறம், தொழிற்சாலைத் தையல் வெள்ளை நூல், நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குக் கரும்பச்சை நூல். இரட்டை நூல் கோத்து, பொத்தான் தைக்கிற மாதிரி ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தி, கடைசியில் மூன்று நான்கு முடிச்சுப் போட்டிருந்தாள். அம்மா எப்போதும் அப்படித்தான் தைப்பாள், கையில் எந்த நிற நூல் கிடைக்கிறதோ அதை எடுப்பாள், பிரியக்கூடாது, அதுதான் அவளுக்கு முக்கியம். அவள் அதைத் தைத்தது எனக்கு நினைவில்லை. ஏதோ ஓர் இரவில் நான் அழுதிருக்கவேண்டும், அல்லது நான் தூங்கிய பிறகு தைத்து வைத்திருக்கவேண்டும். அந்தத் தையல் இன்னும் கெட்டியாக இருந்தது, விட்டுப்போனது அதற்கு இரண்டு பக்கமும் இருந்த வெள்ளைத் தையல்தான். அதை அப்படியே விட்டு, அதன் இரண்டு முனைகளிலிருந்தும் என் தையலைத் தொடர்ந்தேன். பொம்மையின் துணிக்கு ஒத்துப்போகிற நூல்தான் சரி, பச்சை நூல் உறுத்தும் என்று ஒரு தோழி சொன்னாள். உறுத்தட்டும்.

நூல் பற்றி இன்னொன்று. பலமாக இருக்கட்டும் என்று பாலியஸ்டர் நூலை எடுக்காதீர்கள். இற்றுப்போன பருத்தித் துணியைவிட நூல் வலுவாக இருந்தால் இழுவிசை வரும்போது நூல் அறுவதில்லை, நூல் துணியை அறுத்துவிடும். பருத்தி நூல் போதும், தையல் விட்டால் மறுபடி தைத்துக்கொள்ளலாம், துணி போனால் போனதுதான்.

நைந்த இடுப்புக்கு ஒட்டுப் போட்டேன், ஆனால் மேலே இல்லை. மேலே போட்டிருந்தால் என் விரல்கள் தேய்த்த அந்த இடமே மறைந்திருக்கும். மெல்லிய பழைய பருத்தித் துணி ஒன்றை, நிறம் ஒத்துப்போகிறதாகப் பார்த்து, நைந்த பகுதியைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி உட்பக்கமாக வைத்து, மேல்துணி இழைகளை அதன்மேல் படியவைத்துக் குட்டிக் குட்டித் தையலாகப் பிடித்தேன். புதுத்துணி வேண்டாம், அது விறைப்பாக இருக்கும், பலமுறை துவைத்து மெத்தென்று ஆன துணிதான் பழைய துணியோடு சேர்ந்து மடங்கும். மேலே மிக மெல்லிய வலைத்துணி ஒரு சுற்று. அருகில் பார்த்தால்தான் வலை இருப்பது தெரியும், கீழே இருக்கிற தேய்மானம் முழுக்கத் தெரிகிறது, விரல் பட்டால் இனிமேல் இழை பிய்யாது. கரடி பொம்மைகளில் ரோமம் கொட்டி வெறும் துணி தெரிகிற இடங்களுக்கும் இதே முறை நன்றாக வரும்.

முகப் பிசுபிசுப்புக்கு அந்தப் பைதான் பெரிய காரணம். வினைல் என்பது பி.வி.சி., அது இயல்பாகக் கெட்டியான பொருள், அதை மெத்தென்று ஆக்க எண்ணெய் போன்ற ஒரு ரசாயனத்தைக் கலக்கிறார்கள், பிளாஸ்டிசைசர் என்று பெயர். வருடங்கள் போகப் போக அது மெதுவாக மேற்பரப்புக்குக் கசிந்து வரும். காற்றோட்டம் இருந்தால் கொஞ்சமாவது ஆவியாகும், பைக்குள் அடைத்து வைத்தால் தோலின் மேலேயே தேங்கி நிற்கும், தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மெல்லிய துணியை அதில் நனைத்து நன்றாகப் பிழிந்து, துடைக்கவேண்டும். பிறகு வெறும் ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி. முழுக்கப் போகாது, சில மாதங்களில் கொஞ்சம் திரும்பி வரும், அப்போது மறுபடி துடைத்தால் சரி. ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டும் வேண்டவே வேண்டாம். ரிமூவரில் இருக்கிற அசிட்டோன் கன்னச் சிவப்பையும் புருவத்தையும் ஒரே துடைப்பில் கொண்டுபோய்விடும், வினைலையே இளக்கிவிடும்.

துடைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், இமை மூடுகிற கண் உள்ள பொம்மையின் தலையை ஒருபோதும் தண்ணீரில் முக்கக்கூடாது. அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஓர் அச்சும் அதில் தொங்குகிற ஒரு எடையும் இருக்கிறது, பொம்மையைச் சாய்த்தால் எடை கீழே போகும், கண் சுழலும், அவ்வளவுதான் சூட்சுமம். அதில் உலோகப் பாகம் இருந்து உள்ளே தண்ணீர் தேங்கினால் துருப்பிடித்து நின்றுவிடும். சின்னுவின் கண்ணும் அப்படித்தான் நின்றிருந்தது. தலையை உடம்பிலிருந்து கழற்றியதும் கழுத்து வழியாக உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க முடிந்தது, அச்சின் ஒரு முனையில் பழுப்பாகத் துரு. குண்டூசி முனையில் தையல் மெஷின் எண்ணெயைத் தொட்டு அந்த ஒரு புள்ளியில் மட்டும் வைத்தேன், விழியில் படாமல். அப்புறம் அவசரமே கூடாது, தலையை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து விட்டுக்கொண்டே இருக்கவேண்டும், இமையை விரலால் அழுத்தினால் உள்ளே இருக்கும் பிடிப்பு உடைந்து கண் உள்ளுக்குள் விழுந்துவிடும். ஒரு மாலை முழுக்க சும்மா இருக்கும்போதெல்லாம் சாய்த்துக்கொண்டிருந்தேன், சட்டென்று 'டக்' என்று மூடியது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போதும் அந்தக் கண் மற்றதைவிட ஒரு நொடி தாமதமாகத்தான் மூடுகிறது, அது போதும்.

பேனாக் கோட்டைப் பற்றிப் பலரும் கேட்பார்கள் என்று தெரியும், பொம்மை வைத்திருக்கிற வீடுகளில் முக்கால்வாசிப் பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கும். மை வினைலின் மேலே நிற்பதில்லை, உள்ளே இறங்கிவிடும், அதனால் தேய்ப்பதால் பிரயோஜனம் இல்லை. முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு களிம்பைக் கோட்டின் மேல் மட்டும் மெல்லியதாகத் தடவி, காய்ந்துவிடாமல் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, வெளிச்சத்தில் வைத்தால் பல நாட்களில் மை மெதுவாக வெளுக்கும். எல்லா மைக்கும் இது பலிக்காது. சுற்றியுள்ள தோல் நிறத்தையும் வெளுக்கக்கூடியது, துணி, முடி, வண்ணம் தீட்டிய உதடு இவற்றில் படவே கூடாது, காதுக்குப் பின்னாலோ பாதத்தின் அடியிலோ முதலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு வரவேண்டும். பழைய பார்பி பொம்மைகளைச் சேகரிக்கிறவர்கள் காதில் வரும் பச்சைக் கறைக்கும் இதைத்தான் முயற்சி செய்வார்கள், 1960களின் பொம்மைகளில் மாட்டிய உலோகக் கம்மல் அரித்து அந்தப் பச்சை வினைலுக்குள் இறங்கியிருக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சின்னுவின் கன்னத்தில் நான் அதைப் போடவில்லை. அந்தக் கோடு தம்பி இழுத்தது. அவனுக்கு அப்போது பேனா பிடிக்கவே சரியாகத் தெரியாது, நான் அழுததும் அவனும் சேர்ந்து அழுதான் என்று வீட்டில் சொல்வார்கள். அவனுக்குப் போட்டோ அனுப்பி, எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "அக்கா, அதை எடுத்துட்டா அப்புறம் அவகிட்ட என்னோடதுன்னு என்ன இருக்கு?" என்றான். அதற்கு மேல் நான் பேசவில்லை.

முடிக்கு வருவோம். பொம்மை முடியில் பல வகை உண்டு. சாரன், நைலான், கேனகலான், பாலிபுரொப்பிலீன் போன்ற செயற்கை இழைகள், மிகப் பழையவற்றில் ஆட்டு ரோமம், மனித முடி. எது என்று தெரியாவிட்டால் வெந்நீர் ஊற்றாதீர்கள், சில வகை அதில் அழகாகப் படியும், சில வகை ஒரேயடியாகச் சுருண்டு பாழாகும். குளிர்ந்த தண்ணீரில் கண்டிஷனரைக் கரைத்து, கண் பக்கம் போகாமல் தலையைக் கவிழ்த்துப் பிடித்து முடியை மட்டும் நனைத்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்குங்கள். ஒரு கையால் வேரைப் பிடித்துக்கொள்ளவேண்டும். வேரிலிருந்து இழுத்துச் சீவினால் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு வரும். உச்சியில் வழுக்கையாக இருந்தால், கழற்றிய தலையின் உட்பக்கத்திலிருந்து நீள ஊசியால் புது முடியைப் பழைய ஓட்டை வழியாகவே கோத்து நடலாம், பொறுமை இருப்பவர்களுக்கு அது ரொம்ப திருப்தியான வேலை. சின்னுவுக்கு நெற்றிப் பக்கம் ஒரு இடத்தில் முடி கட்டையாக இருக்கிறது, அதுவும் நான் கத்தரியால் வெட்டியதுதான், வளரும் என்று நம்பியிருந்தேன். அதைத் தொடவில்லை.

குரல் டப்பாதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. கவிழ்த்தால் உள்ளே ஒரு எடை இறங்கும், அது காற்றைத் தள்ளும், காற்று ஒரு மெல்லிய நாக்கு வழியாகப் போகும்போது அதிர்ந்து 'ம்மா' என்று கேட்கும். இது பழைய யோசனை, தாளக்கணக்குக்கு வைக்கும் மெட்ரோனோமுக்குப் பேர்போன யோஹான் மெல்ட்செல் 1824லேயே பேசும் பொம்மைக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். 1890ல் எடிசன் ஒரு படி மேலே போய் பொம்மையின் வயிற்றுக்குள் ஒலிப்பதிவை ஒலிக்கவைக்கும் குட்டி ஃபோனோகிராஃப் வைத்துக் குழந்தைப் பாட்டையே சொல்லவைத்தார், ஆனால் அது சீக்கிரமே பழுதாகிக்கொண்டே இருந்ததால் சில வாரங்களிலேயே விற்பனையை நிறுத்தவேண்டி வந்தது. காற்றுத் துருத்தி முறைதான் நிலைத்து நின்றது. சின்னுவின் டப்பாவில் அந்தத் துருத்தி வெடித்துப் போயிருந்தது, ஒட்டிய பிளாஸ்டிக் உறை என்பதால் வெட்டாமல் திறக்க முடியாது. புது டப்பா வாங்கி அதே இடத்தில் வைத்துவிடலாம், அளவும் ஒத்துப்போகும். ஆனால் அதில் வருவது வேறொரு பொம்மையின் குரல். சின்னு கூப்பிட்டது கொஞ்சம் கரகரப்பாக, கடைசியில் இழுத்து முடிகிற ஒரு கூப்பாடு, அது என் காதில் இருக்கிறது, அதன்மேல் இன்னொரு குரலைப் பதிக்க எனக்குத் துணிவில்லை. பழைய டப்பாவையே துடைத்துத் திரும்ப வைத்தேன். அதனால் ஒரு லாபம், கவிழ்க்கும்போது உள்ளே எடை உருளுகிற அந்தச் சின்னச் சத்தமும் கையில் தெரிகிற அந்த அசைவும் அப்படியே இருக்கின்றன.

பஞ்சைத் திரும்ப அடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து, மழுங்கிய குச்சியால் தள்ளி, கை கால் முனைகளிலிருந்து ஆரம்பித்து நடுப்பகுதிக்கு வரவேண்டும். நிறைய அடைத்துவிடத் தோன்றும், வேண்டாம், பழைய தையல் தாங்காது. சின்னுவின் கழுத்துப் பஞ்சு பல வருடம் நசுங்கித் தலை இடது பக்கம் சாய்ந்தே இருக்கும். கொஞ்சமாவது பஞ்சு சேர்க்காவிட்டால் தலையின் எடை முழுக்கத் தையலில்தான் விழும், நிறையச் சேர்த்தால் தலை விறைத்து நேராக நிற்கும், யாரோ புது ஆள் பார்க்கிற மாதிரி இருக்கும். கொஞ்சம் வைத்துத் தோளில் சாய்த்துப் பார்த்து, எடுத்து, மறுபடி வைத்து, அந்தச் சாய்வு வருகிற வரைக்கும் விடவில்லை. கடைசியில் கழுத்துத் துணியைத் தலையின் பள்ளத்தில் பொருத்தி இறுக்கிக் கட்டவேண்டும், பலர் கேபிள் டை போடுகிறார்கள், நான் தடித்த பருத்திக் கயிறு கட்டினேன். வினைல் விளிம்பு விறைப்பாக இருந்தால் வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்தால் இளகிக்கொடுக்கும். முதுகை மூட, இரண்டு ஓரங்களையும் உள்ளே மடித்து, இந்த மடிப்பில் ஒரு குத்து, எதிர் மடிப்பில் ஒரு குத்து என்று ஏணிப்படி போலப் போய் இழுத்தால் தையல் வெளியே தெரியாமல் மூடிக்கொள்ளும்.

உங்கள் பொம்மைக்குக் கை காலெல்லாம் உள்ளே எலாஸ்டிக்கால் கோத்திருந்தால் அது வேறு வேலை. எலாஸ்டிக் இற்றுப்போனால் கை கால் தொளதொளவென்று தொங்கும், புதுசாகக் கோக்கக் குரோஷா ஊசி நன்றாக உதவும். வளையத்தை வெளியே இழுத்ததும் அதற்குள் ஒரு பென்சிலைச் செருகிவிடுங்கள், கை நழுவினால் தலை பட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டு மோதி விரிசல் விடும், பீங்கான் தலையாக இருந்தால் உடைந்தே போகும். துணி பொம்மையில் பூச்சி அரித்திருந்தால் காற்றுப் புகாத பையில் கட்டி மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் பை அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் வைக்கவேண்டும். வினைலுக்கு இது வேண்டாம்.

சின்னுவை முடித்த பிறகு தெரிந்தவர்கள் சிலர் தங்கள் பொம்மைகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். இப்போது யார் கொண்டுவந்தாலும் முதலில் கேட்கிறேன், "எதை நான் தொடக்கூடாது?" பெரியவர்கள் கொஞ்சம் திகைப்பார்கள், குழந்தைகள் திகைக்கவே மாட்டார்கள், விரலை வைத்துக் காட்டுவார்கள். ஒரு சிறுவன் தன் முயலின் காதைக் காட்டி, இது பிய்ந்தே இருக்கணும், இதைப் பிடிச்சாத்தான் தூக்கம் வரும் என்றான். பிய்ந்த ஓரம் மேலும் போகாமல் ஒரு தையல் மட்டும் போட்டேன். குழந்தையின் பொம்மை என்றால் முடிந்தவரை அவர்கள் கண்முன்னே செய்யுங்கள், இரவுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், துவைப்பதற்கு முன்னால் கட்டாயம் கேளுங்கள். லிஸ்பன் நகரில் 1830 முதல் பொம்மைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை இருக்கிறது, இன்றும் நடக்கிறது. அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, நிம்மதியாக இருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ரோமானியர் காலத்து எகிப்திலிருந்து கிடைத்த ஒரு துணி பொம்மையும் இருக்கிறது, முரட்டு லினன் துணிக்குள் கந்தலையும் பாப்பிரஸ் என்ற நாணல் தாளையும் அடைத்துச் செய்தது. ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கும் மேலாகத் துணி தாங்கியிருக்கிறது. யாரோ ஒரு குழந்தை அதையும் இப்படித்தான் இடுக்கிக்கொண்டு திரிந்திருக்கும்.

சின்னு இப்போது பைக்குள் இல்லை. வெயில் நேரடியாகப் படாத அலமாரித் தட்டில், வேறு எந்தப் பிளாஸ்டிக்கும் ஒட்டாமல், ஒரு வெள்ளைப் பருத்தித் துணியின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். தம்பியின் மகள் வரும்போது கேட்டால் தருகிறேன். இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்ததைக் குழந்தையிடமா கொடுப்பது என்று சிலர் கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம், தூக்கிக் கொஞ்ச முடியவேண்டும் என்றுதானே தைத்தேன். அவளுக்கு ஐந்து வயது, அதனால் கவலையில்லை. மூன்று வயதுக்குக் கீழே என்றால் கழன்று வரக்கூடிய கண், பொத்தான் எதுவும் பொம்மையில் இருக்கக்கூடாது, வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், அப்படிப்பட்ட பொம்மைக்குக் கண்ணை நூலாலேயே தைத்துக் கொடுங்கள். அவள் சின்னுவை வலது கையில் இல்லை, இடது கையில்தான் இடுக்கிக்கொள்கிறாள். அப்படியானால் அடுத்த ஒட்டு மறுபக்க இடுப்புக்குத்தான் தேவைப்படும், அதற்கும் சேர்த்து அந்தப் பழைய பருத்தித் துணியில் ஒரு துண்டை எடுத்து வைத்திருக்கிறேன்.